முன்னும் பின்னும் இல்லாத கட்டம்: மங்கா வழிவந்த மீயதார்த்த ஓவியங்களும் ஓவிய நூல்களும்

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையைப் படிப்பவரின் கண் ஒரு கட்டத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஒரு முகம், ஒரு கை, பாதி திறந்த ஒரு கதவு என்று பார்த்தவுடனே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. ஜப்பானின் வார இதழ்கள் இந்த வேகத்தை நம்பியே வளர்ந்தன. 'ஷோனென் ஜம்ப்' வார இதழின் 1995-ஆம் ஆண்டு 3-4 இணைப்பிதழ் 65.3 லட்சம் பிரதிகள் அச்சானது; அந்த இதழ் எட்டிய உச்சம் அது. மறுசுழற்சி செய்த சொரசொரப்பான தாள், பெரும்பாலும் ஒற்றை நிற அச்சு, ஒரு ரயில் பயணத்தில் படித்து முடித்துவிடும் அளவு என எல்லாமே விரைந்து படிப்பதற்காக அமைந்தவை.

இதே மங்கா உலகம் இதற்கு நேரெதிரான ஒரு நூல்வகையையும் பெற்றெடுத்திருக்கிறது. ஜப்பானியர் 'கஷூ' என்று அழைக்கும் ஓவிய நூல் அது. தாள் கனமானது, பக்கம் பெரியது, நிறம் செறிவானது. உரையாடல் குமிழ்கள் இல்லை. கதையும் இல்லை. அதிலும் வாசகர்கள் மிக விரும்பிச் சேர்ப்பவை, காரணகாரியத்துக்குக் கட்டுப்படாத மீயதார்த்த ஓவியங்கள். ஒரு பெண்ணின் கூந்தல் சுழலாகி வானத்தைப் பிடிக்கிறது. நகரத்துக்குள் நகரம் முடிவின்றி அடுக்கப்படுகிறது. தாவரமும் எந்திரமும் மனித உடலும் ஒரே கோட்டில் பின்னிக்கொள்கின்றன.

கதைக்காகவே படம் பார்க்கப் பழகிய வாசகர்கள், கதையை முழுக்க விலக்கிய இந்தப் படங்களுக்கு முன் மட்டும் ஏன் நெடுநேரம் நிற்கிறார்கள்? கதை படித்த அந்தப் பழக்கம்தான் அவர்களை நிறுத்துகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். மங்காவில் தேர்ந்த கண் எந்தப் படத்தையும் ஒரு தொடரின் நடுவிலுள்ள கட்டமாகவே எடுத்துக்கொள்ளும். இதற்கு முன் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று தேடும். ஓவிய நூலில் உள்ள படம் அந்த இரண்டையும் தர மறுக்கிறது. விடை கிடைக்காமல் தொடரும் அந்தத் தேடல்தான் கனவு காணும் உணர்வை உண்டாக்குகிறது.

கதையற்ற ஏடுகளின் மரபு

அமெரிக்கக் கோட்டோவியக் கலைஞரும் கோட்பாட்டாளருமான ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் வெளியிட்ட சித்திரக்கதை பற்றிய நூலில், இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை வாசகரே நிரப்புகிறார் என்பதை விரிவாக விளக்கினார். ஓங்கிய கோடரி ஒரு கட்டத்திலும் அலறல் அடுத்த கட்டத்திலும் இருந்தால், வெட்டு நிகழ்வது வாசகரின் மனத்தில்தான். ஜப்பானியச் சித்திரக்கதைகளில் செயலிலிருந்து செயலுக்குத் தாவாமல், ஒரே இடத்தின் வெவ்வேறு கூறுகளைக் காட்டி நேரத்தை நிறுத்தும் கட்ட வரிசைகள் மேலைச் சித்திரக்கதைகளைவிட அதிகம் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். மழை, கூரை, காலியான நாற்காலி என்று நகரும் அந்த வரிசையில் கதை சற்று ஓய்ந்து, பார்வை மட்டும் எஞ்சுகிறது. ஓவிய நூல் அந்த ஓய்வை ஒரு முழு நூலாக நீட்டிக்கிறது.

ஜப்பானில் இத்தகைய ஏடுகள் புதியவை அல்ல. தொரியாமா செகியென் 1776-இல் வெளியிட்ட 'கசு ஹ்யாக்கி யாக்யோ' நாட்டார் நம்பிக்கைகளில் உலவிய பேய் பூதங்களைத் தொகுத்த படநூல். பெரும்பாலும் பக்கத்துக்கு ஓர் உரு, அதன் பெயர், அது தோன்றும் இடம் ஆகியவை மட்டுமே அதில் இருக்கும். அந்த உரு யாரைப் பிடித்தது, எப்படி விரட்டப்பட்டது என்ற கதை வாசகரின் நினைவில்தான் இருக்க வேண்டும்.

ஓவியர் ஹொகுசாயின் 'மங்கா' என்ற ஏட்டின் முதல் தொகுதி 1814-இல் நகோயாவின் எய்ராகுயா பதிப்பகத்திலிருந்து வந்தது. ஹொகுசாய் 1849-இல் மறைந்த பின்னும் தொடர்ந்த இந்த வரிசை, 1878-இல் 15-ஆம் தொகுதியோடு முடிந்தது. கறுப்பு, சாம்பல், வெளிறிய செம்மை என்ற மூன்று மைகளில் மரக்கட்டைகளால் அச்சிட்ட சுமார் 4,000 உருக்கள் அதில் உள்ளன. ஓவியம் பயில்பவர்களுக்கான மாதிரிநூலாக அது தொடங்கியது. மல்லர்கள், மீன்கள், புல் வகைகள், முனிவர்கள், நீண்ட கழுத்துப் பேய்கள் எல்லாம் தரையோ பின்னணியோ இல்லாமல் பக்கத்தில் மிதக்கின்றன. அருகருகே அமைந்த உருக்களுக்கிடையே உறவைக் கற்பிப்பது பார்ப்பவரின் வேலை.

இன்றைய மங்கா ஹொகுசாயிடமிருந்து நேர்க்கோட்டில் இறங்கி வந்ததல்ல. 20-ஆம் நூற்றாண்டின் செய்தித்தாள் கேலிச்சித்திரங்கள், அமெரிக்கச் சித்திரக்கதைகள், திரைப்படம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒசாமு தெசுகா வளர்த்த நெடுங்கதை வடிவம் ஆகியவை அதன் நேரடி மூலங்கள். ஆனால் ஓவிய நூலைப் பொறுத்தவரை பழைய ஏடுகளின் தொடர்பு உண்மையானது. அந்தப் போரில் ரபவுல் பகுதியில் இடக்கையை இழந்து திரும்பிய ஷிகெரு மிசுகி, செகியெனின் உருக்களை எடுத்துத் தம் மங்காவில் உலவவிட்டார். அவருடைய மனிதர்கள் நாலைந்து கோடுகளில் முடிந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னாலுள்ள காடும் கல்லறையும் பாழடைந்த கோயிலும் ஆயிரக்கணக்கான மைப்புள்ளிகளால் எழுந்திருக்கும். எளிய முகத்துக்குள் வாசகர் எளிதாக நுழைந்துவிடுகிறார். நுழைந்த பிறகு தம்மைச் சூழ்ந்திருக்கும் அடர்ந்த உலகத்தை அஞ்சி அஞ்சிப் பார்க்கிறார். பிற்கால மீயதார்த்த ஓவியங்கள் பலவற்றின் கட்டுமானம் இதுவே.

சர்ரியலிசமும் மலிவு அச்சும்

ஆந்த்ரே பிரெத்தோன் 1924-இல் பாரிஸில், மீயதார்த்தவாதம் என்று நாம் சொல்லும் சர்ரியலிசத்தின் அறிக்கையை வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளில் அதன் அலை ஜப்பானை எட்டியது. ஹருஎ கோகா 1929-இல் தீட்டிய 'கடல்' இன்று தோக்கியோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீச்சலுடை அணிந்த பெண் ஒருத்தி கையை உயர்த்தி நிற்கிறாள். அவளைச் சுற்றி வான்கப்பல், மீன்கள், உட்பகுதி தெரியும்படி வெட்டிக் காட்டிய நீர்மூழ்கிக் கப்பல், தொழிற்சாலை. இந்த உருக்களைக் கோகா தம் காலத்தின் அஞ்சலட்டைகளிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் எடுத்தார். ஷூசோ தகிகுச்சி 1930-இல் பிரெத்தோனின் ஓவியம் பற்றிய நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1937-இல் அயல்நாட்டுச் சர்ரியலிசப் படைப்புகளின் கண்காட்சி ஜப்பானில் நடந்தது. 1941-இல் தகிகுச்சியும் ஓவியர் இச்சிரோ ஃபுகுசாவாவும் அரசியல் காவல்துறையால் கைது செய்யப்பட்டார்கள். கனவைத் தீட்டுவதையே போர்க்கால அரசு ஆபத்தாகக் கண்டது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் சர்ரியலிச ஓவியர் மக்ஸ் எர்ன்ஸ்ட் செய்தது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 19-ஆம் நூற்றாண்டின் மலிவு நாவல்களிலும் இதழ்களிலும் வந்த செதுக்கு ஓவியங்களை வெட்டி, ஒட்டி, 1934-இல் ஒரு படநாவலை வெளியிட்டார். வரவேற்பறையில் அமர்ந்திருக்கும் கனவானுக்குச் சிங்கத் தலை, படுக்கையறைக்குள் வெள்ளம். அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏதோவொரு கதையின் முக்கியத் தருணத்தை விளக்கியவை. கதையிலிருந்து அறுத்தெடுத்ததும் அவற்றின் பதற்றம் அப்படியே எஞ்சியது; காரணம் மட்டும் காணாமற்போனது. சர்ரியலிசத்தின் ஆற்றலில் பெரும்பங்கு இந்த அறுவையில்தான் இருக்கிறது.

எர்ன்ஸ்ட் வெளியிலிருந்து வந்து கத்தரியால் செய்ததை மங்காவில் வளர்ந்த ஓவியர்கள் உள்ளிருந்தே செய்கிறார்கள். ஒரு படத்தைக் கதையின் உச்சத் தருணம்போல அமைக்கும் நுட்பம் அவர்கள் விரலில் இருக்கிறது: பார்வைக் கோணம், உறைந்த அசைவு, காற்றில் பறக்கும் துணி, எதையோ கண்டு விரிந்த விழி. கதையை மட்டும் அவர்கள் எழுதுவதில்லை.

1968

மங்காவும் சர்ரியலிசமும் முழுமையாக இணைந்த இடம் 'காரோ' என்ற மாத இதழ். கட்சுஇச்சி நகாய் 1964-இல் தொடங்கிய இவ்விதழ், பெருவணிக இதழ்களில் இடம் கிடைக்காத ஓவியர்களுக்கு வீடாக இருந்தது. 1968 ஜூனில் வெளியான அதன் சிறப்பிதழில் யோஷிஹாரு த்சுகெயின் 'நெஜிஷிகி' வந்தது. கையில் இரத்தக்குழாய் அறுபட்ட சிறுவன் ஒருவன் கடலிலிருந்து கரையேறி, மருத்துவரைத் தேடி ஒரு மீனவ ஊரில் அலைகிறான். தெருவெங்கும் கண் மருத்துவர்களின் விளம்பரப் பலகைகள் மட்டுமே தொங்குகின்றன. ஊரைவிட்டுப் போக ஏறிய ரயில் அவனை அதே ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. இறுதியில் ஒரு பெண் மருத்துவர் அவன் குழாயில் திருகு அடைப்பானைப் பொருத்துகிறார்.

கட்டங்கள் வரிசையாகவே இருக்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதில்லை. இடைவெளியை நிரப்ப முயலும் வாசகர் ஒவ்வொரு முறையும் தோற்கிறார். 'காரோ'வில் வரைந்த மகி சசாகி இன்னும் ஒரு படி போய், தொடர்பே இல்லாத படங்களைக் கட்டங்களாக அடுக்கிக் கதை என்ற பெயரையே கேள்விக்குள்ளாக்கினார். பிற்காலத்தில் அவர் படநூல் ஓவியராகப் பெயர்பெற்றார். ஹருகி முரகாமியின் முதல் நாவலுக்கு 1979-இல் அட்டை வரைந்தவரும் அவரே.

அதே 1968-இல் கலை வரலாற்றாசிரியர் நொபுஒ த்சுஜி, ஜப்பானின் எடோ காலத்து விசித்திர ஓவியர்களைப் பற்றி 'பிஜுத்சு தெச்சோ' இதழில் தொடர் எழுதினார். 1970-இல் அது நூலானது. ஜகுச்சு, ஷோஹகு, ரொசெத்சு, குனியோஷி முதலிய ஆறு ஓவியர்களை அந்தக் காலத்தின் புதுமைவாதிகளாக அவர் முன்வைத்தார். அதுவரை ஓரத்தில் வைக்கப்பட்டவர்கள் நடுவுக்கு வந்தார்கள். பின்னர் 2000-இல் ஓவியர் தகாஷி முரகாமி 'சூப்பர்ஃப்ளாட்' கண்காட்சியை அமைத்தபோது, எடோ ஓவியத்தையும் மங்காவையும் இணைக்கும் தம் கோட்பாட்டுக்கு த்சுஜியின் நூலையே அடித்தளமாகக் கொண்டார். அவர் அழுத்தம் கொடுத்தது ஆழமற்ற தட்டையான பரப்புக்கு. என் பார்வையில் அந்தப் பரப்பைவிட அதன்மேல் ஓடும் கோடுதான் இந்த மரபின் உயிர்.

கோட்டின் நம்பகம்

சர்ரியலிச ஓவியர்கள் தொடக்கத்திலிருந்தே இரண்டு வழிகளில் சென்றார்கள். ஆந்த்ரே மசோன் போன்றவர்கள் கையை அதன் போக்கில் விட்டுக் கிறுக்கலிலிருந்து உரு எழக் காத்திருந்தார்கள். டாலியும் மக்ரித்தும் நடக்க முடியாததை நடந்ததுபோல், பளிச்சென்று, ஐயத்துக்கு இடமின்றித் தீட்டினார்கள். மங்கா வழிவந்த ஓவியம் இரண்டாம் வழியைச் சேர்ந்தது. மங்கா ஓவியரின் கருவி ஜி-பேனா எனப்படும் எஃகு முனை. அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஒரே இழுப்பில் கன்னத்தின் வளைவும் அதன் நிழலும் சொல்லப்பட்டுவிடும். மையில் வரைந்த கோட்டில் தயக்கத்துக்கு இடமில்லை. தேநீர்க் கோப்பையை வரைந்த அதே உறுதியோடு நெற்றியில் முளைத்த கதவையும் வரைந்தால், கண் இரண்டையும் ஒரே அளவில் நம்பிவிடுகிறது.

ஜுன்ஜி இதோவின் வெற்றி இங்கேதான். முழுநேர ஓவியராவதற்கு முன் அவர் பல் தொழில்நுட்பராகப் பணியாற்றியவர். 1998-99-இல் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழில் வந்த 'உசுமகி' தொடரில் ஓர் ஊரே சுழல் வடிவத்தால் பீடிக்கப்படுகிறது. தகனப் புகை சுழல்கிறது, கூந்தல் சுழல்கிறது, மனித உடல் சுழல்கிறது. பேய்க்கு முகமில்லை, ஒரு வடிவமே பேய். இதோ வரையும் முகங்கள் அழகானவை, அறைகள் சாதாரணமானவை, கோடுகள் மருத்துவப் பாடநூல் படங்களைப்போல் நுணுக்கமானவை. கோரம் நுழையும்போதும் அந்த நிதானம் குலைவதில்லை. 2019-இல் அவருடைய ஓவிய நூல் 'இக்யோ செகாய்' வந்தபோது, தொடர்களைப் படிக்காதவர்களையும் அந்தப் படங்கள் ஈர்த்ததற்குக் காரணம் இந்த நிதானம்தான்.

இந்தக் கோட்டின் வரலாற்றில் தமிழ் வாசகர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒரு கை உண்டு. முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழில் புகழ்பெற்ற கேப்டன் டைகர், பிரெஞ்சு மொழியில் ப்ளூபெரி. அதை வரைந்தவர் ழான் ஜிரோ. மேற்கத்தியப் பாலைவனங்களைத் தூரிகையால் எழுப்பிய அதே ஜிரோ, மோபியுஸ் என்ற இன்னொரு பெயரில் 1970-களின் நடுவில் 'மெத்தால் உர்லான்' இதழில் முற்றிலும் வேறொரு கலையைத் தொடங்கினார். அங்கே வந்த 'அர்ஸாக்' கதைகளில் சொற்களே இல்லை. பறக்கும் விலங்கின்மேல் அமர்ந்த வீரன் விளங்காத நிலப்பரப்புகளைக் கடந்துபோகிறான். சீரான மெல்லிய கோடு, ஏராளமான வெற்றிடம், அளவின் பிரமிப்பு. இந்தக் கோடு கட்சுஹிரோ ஒதோமோவை ஆழமாகப் பாதித்தது. 1982 முதல் 1990 வரை வந்த 'அகிரா'வில் நகரத்தின் ஒவ்வொரு சன்னலையும் வரைந்துவிட்டு, பிறகு அந்த நகரத்தையே உடைத்துப் பொடியாக்கும் துணிவு அவருக்கு வாய்த்தது. 1989-இல் வெளியான அவருடைய ஓவிய நூல் 'கபா', கதைக்கு வெளியே அவர் வரைந்தவற்றை ஒன்றுசேர்த்தது.

த்சுதொமு நிஹெய் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார். கட்டுமானத் துறையில் பணியாற்றிய அனுபவம் கொண்ட அவர், 1997 முதல் 2003 வரை வரைந்த 'பிளேம்!' தொடரில் தானே தன்னைக் கட்டிக்கொண்டே போகும் முடிவற்ற கட்டடத்தைப் படைத்தார். பேச்சு மிகக் குறைவு. பல பக்கங்களில் ஒரு சிறிய மனித உரு, பாலங்களுக்கும் தூண்களுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கும். தொடராக வந்தபோதே அது பாதி ஓவிய நூலாக இருந்தது. அங்கே கதாநாயகன் நம் பார்வைக்கு ஓர் அளவுகோல். அவன் அருகில் நின்றால்தான் அந்தச் சுவரின் பேருரு நமக்குத் தெரியவரும்.

திரைக்கும் தாளுக்கும் நடுவில்

யோஷிதகா அமானோவின் வழி வேறு. 15 வயதில் தத்சுனோகோ அசைவூட்டப்பட நிறுவனத்தில் சேர்ந்த அவர், பல ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களுக்கு உரு வடிவமைத்தார். அசைவூட்டத்துக்கு வரைபவர் கோடுகளைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பலர் ஆயிரக்கணக்கான முறை அதைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும். 1982-இல் தனித்தியங்கத் தொடங்கிய அமானோ, அதுவரை அடக்கிவைத்த கோடுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டார். ஹிதெயுகி கிகுச்சியின் 'வாம்பயர் ஹன்ட்டர் டி' நாவல்களுக்கு 1983 முதல் அவர் வரைந்த படங்களில் அங்கியும் கூந்தலும் புகையும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாது. கிளிம்ட்டின் பொன்னும் ஆர்ட் நூவோ ஓவியர்களின் கொடிவளைவுகளும் ஜப்பானிய மைத்தீற்றலும் அதில் கலந்திருக்கின்றன.

1987-இல் 'ஃபைனல் ஃபேன்டசி' கணினி விளையாட்டுக்கு அவர் வரைந்தபோது நிகழ்ந்தது நம் வாதத்துக்கு அரிய சான்று. அன்றைய விளையாட்டுக் கருவியால் ஒரு வீரனைச் சில நூறு புள்ளிகளில்தான் காட்ட முடிந்தது. திரையில் தெரிந்தது கட்டையான ஒரு குட்டி உரு. அமானோவின் ஓவியமோ நீர்வண்ணத்தில் கரையும் மெலிந்த உடல், நிலை தெரியாத பார்வை. இரண்டுக்கும் உருவ ஒற்றுமை மிகக் குறைவு. விளையாடிய சிறுவர்கள் அந்த இடைவெளியைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். புள்ளிகளுக்குப் பின்னால் அந்த ஓவியத்தின் உலகம் இருப்பதாக நம்பினார்கள். கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தை நிரப்பும் அதே மனம், இங்கே திரைக்கும் தாளுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை நிரப்பியது. அந்தத் தலைமுறை வளர்ந்த பிறகு அமானோவின் ஓவிய நூல்களைத் தேடி வாங்கியதில் வியப்பில்லை. தாங்களும் சேர்ந்து உருவாக்கிய ஓர் உலகத்தின் மூலச்சான்றுகள் அவை.

நூல் என்ற வடிவம்

இப்படங்கள் நூலாவதில் என்ன கூடுகிறது? முதலாவது, அளவும் மேற்பரப்பும். மங்கா ஓவியர்கள் வழக்கமாக பி4 அளவுத் தாளில் வரைகிறார்கள். இதழில் அது சுருங்கி வரும். அச்சில் விழாத நீலப் பென்சில், திருத்திய வெள்ளை மை, ஒட்டிய புள்ளித் திரைத்தாள், தனியே அச்சிட்டு ஒட்டிய எழுத்துகள் எல்லாம் மூலத்தில் இருக்கும், அச்சில் மறைந்துவிடும். மங்காவில் 'மூலம்' என்பது நெடுங்காலம் அச்சகத்துக்கு அனுப்பும் இடைநிலைப் பொருளாகவே கருதப்பட்டது. அந்த மனப்போக்கு மாறியிருக்கிறது. மங்கா ஓவியர் கெய்கோ தகெமியா 2001-இல் கியோத்தோ செய்கா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'கெங்கா டாஷ்' திட்டம், மூல ஓவியத்தின் பென்சில் தடமும் வெள்ளை மையின் கறையும் தெரியும்படி துல்லியமான மறுபடிகளை உருவாக்குகிறது. அகிதா மாநிலத்தின் யொகொதே நகரிலுள்ள மங்கா அருங்காட்சியகம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மூல ஓவியங்களைப் பாதுகாக்கிறது. 2019-இல் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மங்காவுக்கென்று பெரிய கண்காட்சியை நடத்தியது. நல்ல ஓவிய நூல், அருங்காட்சியகத்துக்குப் போக முடியாதவர் கையிலும் அந்த மேற்பரப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இரண்டாவது, வரிசை. ஓவிய நூலில் உள்ளவை பெரும்பாலும் இதழ் அட்டைகள், தொடரின் தொடக்க வண்ணப் பக்கங்கள், சுவரொட்டிகள், நாட்காட்டிப் படங்கள், நாவல் அட்டைகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தது. அவற்றை ஒரே நூலில் அடுத்தடுத்து வைக்கும்போது, எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேசத் தொடங்குகின்றன. இடப்பக்கத்து வெறுமை வலப்பக்கத்து நெரிசலைக் கூட்டுகிறது. பத்துப் பக்கங்களுக்கு முன் பார்த்த பறவை இங்கே எலும்பாகத் திரும்பி வருகிறது. வாசகர் பக்கத்தைப் புரட்டும் செயலே கட்டம் தாண்டும் செயலாகிவிடுகிறது. நல்ல பதிப்பாசிரியர் இங்கே ஓவியருக்கு இணையான படைப்பாளி.

மூன்றாவது, கை வேலையின் பெருக்கம். கட்சுயா தெராதாவின் 'ரகுகாகிங்' 2002-இல் வந்த தடித்த கோட்டோவியத் தொகுப்பு. மனதில் தோன்றியதை முன்வரைவு இன்றி நேரே தாளில் இறக்கும் அவருடைய பழக்கம், நூல் முழுவதும் ஓர் ஓவியரின் ஆண்டுக்கணக்கான நினைவோட்டமாகத் தெரிகிறது. கொரிய ஓவியர் கிம் ஜுங் கி இதே வழியில் பேருரு எடுத்தவர். பார்வையாளர் முன்னிலையில், குறிப்புப் படம் எதையும் பார்க்காமல், சுவரளவு தாளை நிரப்பினார். 2022-இல் 47 வயதில் அவர் மறைந்தபோது, அவருடைய கனத்த கோட்டோவிய ஏடுகள் உலகெங்கும் ஓவிய மாணவர்களின் பாடநூல்களாகியிருந்தன. ஹொகுசாயின் மாதிரிநூல் செய்த வேலையை இந்த ஏடுகள் இன்று செய்கின்றன.

பெரிய பதிப்பகங்களை நம்பாத வழியும் ஒன்று உண்டு. 1975 டிசம்பரில் தோக்கியோவில் 32 குழுக்களோடு தொடங்கிய காமிக் மார்க்கெட், ஓவியர்கள் தாங்களே அச்சிட்டு வாசகரிடம் நேரே விற்கும் பழக்கத்தை வளர்த்தது. 1984-இல் தொடங்கிய கொமிதியா சந்தை, பிறர் பாத்திரங்களைத் தழுவாத சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமே இடம் தந்தது. மீயதார்த்த ஓவியர்கள் பலருக்கு அங்கே விற்கும் சிறு ஏடுதான் முதல் நூல். 2007-இல் பிக்சிவ் என்ற ஓவியப் பகிர்வு இணையதளம் வந்தபின் படங்கள் நொடியில் உலகைச் சுற்றுகின்றன. திரையில் விரலால் தள்ளிவிடும் படத்தைத் தாளில் நிறுத்திப் பார்க்கும் ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஈர்ப்பின் ஆபத்து

முன்னும் பின்னும் இல்லாத படத்துக்கு ஒரு கடுமையான சிக்கலும் உண்டு. ஜப்பானிய அச்சோவியர்களான யோஷிதோஷியும் யோஷிஇகுவும் 1866-67-இல் கொலைக் காட்சிகளை அச்சோவிய வரிசையாக வெளியிட்டார்கள். அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு மங்கா ஓவியர்களான சுஎஹிரோ மரூஒவும் கசுஇச்சி ஹனாவாவும் 1988-இல் தங்கள் காலத்தின் வன்முறைப் படங்களை வரைந்து, பழைய வரிசையோடு ஒரே நூலில் வெளியிட்டார்கள். மரூஒவின் கோடு அழகானது. 1920-30-களின் இதழோவியங்களை நன்கு உள்வாங்கியது. ஆனால் பக்கம் பக்கமாகச் சிதைக்கப்படுவது உடல், அதிலும் பெரும்பாலும் பெண்ணுடல்.

கதையில் ஒரு கொடுமைக்குக் காரணமும் விளைவும் உண்டு. செய்தவர் பெயரும் பட்டவர் வலியும் உண்டு. தனிப்படத்தில் அவை அறுபட்டுப்போகின்றன. கொடுமை ஓர் அலங்காரமாக நின்றுவிடும் ஆபத்து அங்கே பிறக்கிறது. இந்தக் கலையின் கவர்ச்சிக்கு எது மூலமோ அதுவேதான் அதன் பொறுப்பின்மைக்கும் வழி திறக்கிறது. இதைத் தடைகளால் தீர்த்துவிட முடியாது. பார்ப்பவர் கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் படம் என்னை அந்த உடலின் வலிக்கு அருகில் கொண்டுபோகிறதா, அதிலிருந்து விலக்குகிறதா? இதோவின் சுழலில் சிக்கிய மனிதர்களின் கண்களில் அச்சம் இருக்கிறது. த்சுகெயின் சிறுவன் தன் கையை விடாமல் பிடித்திருக்கிறான். கனவின் நடுவிலும் ஒருவரின் வலி அங்கே மதிக்கப்படுகிறது. வலியை மறந்த படங்கள் இரண்டாம் பார்வையில் வெறுமையாகிவிடுகின்றன.

இன்னொரு சிக்கல் வாய்பாடு. மலர் பூக்கும் மண்டையோடு, வானில் நீந்தும் திமிங்கலம், பாதி முகம் கரைந்த சிறுமி. இவை முதலில் வந்தபோது வியப்பூட்டின. பிறகு நூற்றுக்கணக்கான கைகள் அவற்றை அப்படியே எடுத்தாண்டன. காரணம் மறைக்கப்பட்ட படத்துக்கும், காரணமே இல்லாத படத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் ஓவியர் அந்த உலகின் விதிகளை அறிந்திருக்கிறார், சொல்லாமல் விடுகிறார். நிஹெயின் கட்டடத்தில் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் நம் தேடலுக்கு ஊக்கம் கிடைக்கிறது.

ஓவிய நூலை எப்படி வாசிப்பது?

மங்கா விமர்சனத்தில் ஓவிய நூல் இன்னும் துணைப்பொருளாகவே நடத்தப்படுகிறது. எந்தத் தொடரைச் சேர்ந்தது என்று கேட்டு, அத்தொடரின் விற்பனையை ஒட்டி வந்த நினைவுப்பரிசாக ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தப் பார்வை பிழையானது. செகியென், ஹொகுசாய் ஏடுகளிலிருந்து எர்ன்ஸ்ட்டின் வெட்டொட்டு நாவல், 'காரோ' இதழின் கட்டங்கள் வழியாக இன்றைய கொமிதியா மேசைகள்வரை ஓடும் ஒரு தனி வாசிப்பு மரபு இங்கே இருக்கிறது. அதில் ஓவியர் ஒரு தருணத்தை முழுமையான உறுதியோடு நிறுத்திவைக்கிறார். அதன் இருபுறமும் காலத்தை நீட்டுவது வாசகரின் பொறுப்பு.

ஆகவே இந்நூல்களைத் தொடரின் நிழலாகப் பார்க்காமல், தம் காலில் நிற்கும் படைப்புகளாக எடுத்து, பக்க வரிசையையும் எதிரெதிர்ப் பக்கங்களின் உறவையும் கோட்டின் போக்கையும் கவனித்துப் படிக்க வேண்டும். நூலகங்கள் அவற்றைச் சேகரிக்க வேண்டும். விமர்சகர்கள் அவற்றின் பதிப்பாசிரியர்களையும் பெயர்சொல்லி மதிப்பிட வேண்டும். வாரந்தோறும் லட்சக்கணக்கில் அச்சாகி விரைந்து மறையும் ஒரு கலை, தன் வாசகர்களுக்கு வேகத்தை மட்டும் கற்பிக்கவில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே ஓர் உலகம் உண்டு என்று நம்பவும் கற்பித்தது. அந்த நம்பிக்கையை அதன் முழு அளவில் பயன்படுத்தும் வடிவம் ஓவிய நூல். இந்தக் கலையின் ஈர்ப்புக்கு இதைவிட ஆழமான காரணம் எனக்குத் தெரியவில்லை.